மதுரைக்குச் செல்வோர்க்கு யோசனை கூறும் சாஸ்திரம்: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

அருப்புக்கோட்டையில் ஒரு வீட்டுக்கு வந்த வெளியூர் மருமகன், ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வடக்கேயுள்ள மதுரையைப் பார்த்துவரப் போகிறார் என்ற செய்தி தெருவில் பரவிய மாத்திரத்தில், எங்கே உண்பது, எதைக் காண்பது என்று அவர் கேளாமலே சொல்லத் தொடங்கும் பரோபகாரிகளைப் பற்றி இதுகாறும் எந்தப் பண்டிதரும் ஆராயத் துணியாமையால், அப்பொறுப்பு என் தலையில் விழுந்தது.

தார்க்கிகர் வகுத்த பிரமாணங்களுள் பிரத்தியட்சம் இத்துறையில் அருகியே காணப்படும். தோசைமேல் முட்டையை ஊற்றி, அதன்மேல் கொத்துக்கறியைப் பரப்பித் திருப்பிப் போடும்போது எழும் சத்தத்தை வாயாலேயே எழுப்பிக் காட்டி, 'கறிதோசைன்னா சிம்மக்கல் கோனார் கடைதான்' என்று டீக்கடை பெஞ்சில் தீர்ப்பளிக்கும் அண்ணாச்சி பிறவிச் சைவர். அவருக்கு ஆதாரம் மச்சான் வாக்கு. இது சப்தப் பிரமாணம். ஜிகர்தண்டாவோ இங்கே பானமாகவே கருதப்படுவதில்லை. பால், கடல்பாசி, நன்னாரி சர்பத்து, மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம் என்று சேர்மானம் சொல்லி, கரிசல் வெயிலில் காய்ந்த உடம்பின் சூட்டுக்கு ஔஷதமாகவே அது விதிக்கப்படுகிறது. கடை எங்கே என்று மருமகன் வினவினால், 'வெளக்குத்தூண்ல எறங்கி யாரக் கேட்டாலும் சொல்லுவாக, மாப்ள' என்பதே விடை. யோசனை சொல்பவர் இன்னொருவரிடம் யோசனை கேட்கச் சொல்வதைத் தர்க்க நூலார் அனவஸ்தை என்னும் தோஷமாகக் கொள்வர். எங்களூரில் அது உபசாரம்.

காட்சி விஷயத்திலும் இதே கதிதான். மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் இருப்பவை 985 தூண்களே ஆயினும், பதினைந்தைக் கழித்துச் சொன்ன யோக்கியர் ஒருவரையும் யான் சந்தித்திலேன். தமுக்கத்தில் ராணி மங்கம்மாளின் அரண்மனையில் 1959இல் திறக்கப்பட்ட காந்தி மியூசியத்தை எவரும் சிபாரிசு செய்வதில்லை. டிக்கெட் இல்லாத இடத்தில் பார்க்க என்ன இருக்கப்போகிறது என்பது அவர்களுடைய அனுமானம். காந்தியடிகள் சுடப்பட்ட அன்று உடுத்தியிருந்த துணி அங்கே இருக்கிறது.

ஆயின், ஏட்டை நம்புவதே உத்தமம் என்று அவசரப்பட்டு முடிவு கட்டுவோர் எங்கள் பக்கத்துத் திருச்சுழியில் 1879இல் பிறந்த வேங்கடராமன், அதாவது பின்னாளைய ரமண மகரிஷியின் சரித்திரத்தைச் சற்றே நோக்குக. மதுரைச் சொக்கப்ப நாயக்கன் தெருவில் சிற்றப்பா வீட்டிலிருந்த அப்பையன், 1896 ஆகஸ்ட் 29 அன்று பழைய அட்லாஸ் ஒன்றைப் பார்த்து, திருவண்ணாமலைக்கு அணித்தான ஸ்டேஷன் திண்டிவனம் என்று துணிந்து, இரண்டு ரூபாய் பதின்மூன்று அணாவுக்கு டிக்கெட் வாங்கி ரயிலேறிவிட்டான். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கே ரயில் போவது அந்த அட்லாஸுக்குத் தெரியாது. அதைச் சொன்னவர் அதே வண்டியில் உடன்வந்த ஒரு மௌல்வி. அவர் தாமும் அவ்வழியே போகிறவர். எவருடைய மச்சான் வாக்கையும் எடுத்தோதவில்லை.

ஆகவே மதுரை பார்க்க விரும்பும் அன்பர்கள் அருப்புக்கோட்டையில் யாரிடமும் வாய்திறவாது பேருந்தேறி, காரியாபட்டி தாண்டியபின் பக்கத்து இருக்கைக்காரரை விசாரிப்பார்களாக. அவரும் எங்களூர்க்காரர் என்று தெரியவந்தால், மாட்டுத்தாவணி வரும்வரை தூங்குவதுபோல் பாவனை செய்வார்களாக.