அண்ணாச்சி லண்டன் போகிறார்

தீபாவளி வசூலை முடித்துவிட்டு டிசம்பரில் சிவகாசிப் பக்கத்து நாரணாபுரத்துப் பட்டாசுக்கார அண்ணாச்சி குடும்பத்தோடு லண்டன் கிளம்புகிறார். மதுரையிலிருந்து நேர் விமானம் கிடையாது. மாறித்தான் ஏற வேண்டும். புளியோதரைக்குத் தடையில்லை. தீப்பெட்டிக்கு எந்தப் பெட்டியிலும் இடமில்லை. பட்டாசுக்கும் அப்படியே. 1922-ல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா வரை போய்க் கற்றுவந்த தீப்பெட்டித் தொழிலுக்கு இந்த மரியாதை!

“கையை நீட்டுங்க சார்.” வெடிமருந்துத் தடயம் பார்க்கும் துணியால் உள்ளங்கையைத் துடைக்கிறார் விமான நிலையக் காவலர். அண்ணாச்சிக்கு வேர்க்கிறது. வெடியுப்பு படாத கை எங்கள் பக்கம் ஏது?

எப்படியோ தப்பித்து, இரவெல்லாம் காலை மடக்கி உட்கார்ந்து, கழுத்து சுளுக்கிப் போய் இறங்குகிறார். எதற்கு? தேம்ஸ் கரையில் புத்தாண்டு வாணவேடிக்கை பார்க்க. அதற்கு 2014 முதல் டிக்கெட் வேறு.