குழிக்குள் போன கரண்டிகள்

குழி தோண்டுவது பெரிய வேலையே இல்லை. கடப்பாரையை இரண்டு கையாலும் தூக்கி விட்டால் போதும். மீதியை அதன் எடையே பார்த்துக்கொள்ளும். தோண்டிய மண்ணை வெளியே எடுப்பதுதான் வேலை. கிணறு வெட்டுகிறவருக்கு இந்தக் கவலை கிடையாது. அவர் உள்ளே இறங்கி நின்று அள்ளிக் கொடுப்பார், மேலே இழுத்துக்கொள்ள ஆள் இருக்கும். கன்று வைக்கிறவருக்கும் கிடையாது. ஓரடி பறித்ததும் அவர் கை கழுவிவிடலாம். வேலிக்கால் நடுகிறவன்தான் இரண்டுங்கெட்டான். அவன் தோண்டும் குழி, ஆள் இறங்க முடியாதபடி குறுகலாகவும் இருக்க வேண்டும், கை எட்டாதபடி ஆழமாகவும் இருக்க வேண்டும்.

7 அடிச் சிமென்ட் கால் என்றால் 2 அடியாவது மண்ணுக்குள் இறங்க வேண்டும் என்பது எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்துக் கணக்கு. மின்கம்பத்துக்கு நீளத்தில் ஆறில் ஒரு பங்கு. 9 மீட்டர் கம்பம் ஒன்றரை மீட்டர் உள்ளே நிற்கும். வேலிக்கு மட்டும் ஏன் இந்தத் தாராளம் என்றால், மின்கம்பத்தில் கால் வைத்து ஏறிக் குதித்து யாரும் பந்து எடுக்கப் போவதில்லை.

எனக்கு வேலி தேவைப்பட்டது பந்துக்காக அல்ல, ஆடுகளுக்காக. கொல்லையில் நான் வைத்த முருங்கை, அகத்தி, செம்பருத்தி எல்லாவற்றையும் எந்த வரிசையில் தின்பது என்று அவை கூடிப் பேசி வைத்திருந்தன. வேலைக்குச் சொன்ன ஆள், "நாளைக்கு வந்துர்றேண்ணே" என்றார். அந்த நாளை இன்னும் விடியவில்லை. சிமென்ட் கால்களோ வந்து இறங்கிவிட்டன. 4 அங்குலச் சதுரத்தில் 7 அடிக் கால் ஒன்று 50 கிலோவுக்கு மேல் இருக்கும். வாசலில் படுத்திருக்கும் அவற்றைத் தாண்டித் தாண்டியே வீட்டுக்குள் போக வேண்டியிருந்ததால், வேலையை நானே தொடங்கினேன்.

எங்கள் மண் செம்புராங்கல். பிரான்சிஸ் புக்கானன் என்ற மருத்துவர் மலபாரில் இதைப் பார்த்துவிட்டு, 1807இல் வந்த தம் பயண நூலில் எழுதி வைத்திருக்கிறார்: பூமிக்குள் இருக்கும்வரை எந்த இரும்பாலும் வெட்டிவிடலாம், வெட்டிக் காற்றில் வைத்தால் செங்கல்லாக இறுகிவிடும். இதில் முன்பாதி மலபாருக்கும் பின்பாதி புதுக்கோட்டைக்கும் எழுதப்பட்டது என்பது என் கட்சி.

முதலில் மண்வெட்டி. அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மண்வெட்டியை வீச இடம் வேண்டும். ஆழம் கூடக்கூட அந்த இடமும் கூடும். ஓரடி அகலம் என்று கோடு போட்டுத் தொடங்கிய குழி, 2 அடி ஆழத்துக்குப் போவதற்குள் 2 அடி அகலம் ஆகிவிடும். ஓரடி அகலக் குழியில் வருவது ஏறக்குறைய ஒன்றரை கன அடி மண், 70 கிலோ. அகலம் இரண்டு மடங்கானால் மண் நான்கு மடங்கு, 280 கிலோ. வட்டத்தின் பரப்பளவு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பள்ளிக்கூடத்தில் மூளை வழியாகப் புகட்டப் பார்த்தார்கள். இடுப்பு வழியாகச் சொல்லியிருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும். அதோடு போயிற்றா? அகலக் குழியில் நட்ட காலுக்குப் பிடிமானம் கிடையாது. கிளறப்படாத மண் பக்கத்தில் நெருங்கி நின்றால்தான் கால் அசையாமல் நிற்கும்.

ஆகவே கடப்பாரையால் இடித்து, மேலேயிருந்து அள்ள வேண்டும். அமெரிக்கத் தோட்டக்காரர்களிடம் இதற்கென்றே ஒரு கருவி உண்டு. இரண்டு நீளக் காம்பு, நுனியில் எதிரெதிரே குழிந்த இரண்டு தகடு. குத்திவிட்டு மேலே காம்புகளை விரித்தால், கீழே தகடுகள் வாயை மூடி மண்ணைக் கவ்விக்கொள்ளும். இதைக் கைச்சாடையோடு இரும்புக் கடைக்காரரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த மாதிரி வர்றதில்ல சார். மம்பட்டி தரட்டா?" என்றார்.

அன்று மாலையிலிருந்து எங்கள் வீட்டுச் சமையலறையில் பொருள்கள் குறையத் தொடங்கின.

ஒவ்வொன்றைப் பற்றியும் இப்போது என்னால் சான்றிதழ் தர முடியும். குழம்புக் கரண்டி நல்ல கொள்ளளவு, ஆனால் கழுத்து பலவீனம். செம்புராங்கல்லில் ஒருமுறை நெம்பினால் நம்மைத் திரும்பிப் பார்க்கும். தோசைக்கரண்டி மண்ணைத் திருப்பிப் போடும், எடுக்காது. சொம்பு எல்லாவற்றையும்விட மோசம். உள்ளே அள்ளிய மண்ணை வெளியே விடாது. கவிழ்த்துத் தட்டி, குச்சியால் குடைந்து எடுக்க வேண்டும். பெயிண்ட் வாளி குழிக்குள்ளேயே நுழையாது. பால்பவுடர் டின் நுழையும், அளவும் கச்சிதம், ஆனால் கல்லில் பட்டதும் நசுங்கி எழுபது வயதாகிவிடும்.

"என்னங்க, சாம்பார் கரண்டி எங்க?"

"குழிக்குள்ள இருக்கு."

"எந்தக் குழிக்குள்ள?"

இந்தக் கேள்விக்குப் பிறகு, சமையலறைக்கும் கொல்லைக்கும் நடுவிலிருந்த கதவு சாத்தப்பட்டது.

அந்த வாரம் மணமேல்குடியிலிருந்து மைத்துனன் வந்தான். கடற்கரைக்காரன். "மச்சான், இதுக்குப் போயி கடப்பாரையா? அரை இஞ்சுக் குழாய மோட்டார்ல மாட்டி, தண்ணியப் பீச்சி அடிச்சா தானா எறங்கும்" என்றான். பொய்யில்லை. மணற்பாங்கான ஊர்களில் கைபோருக்குக் குழாயே அப்படித்தான் இறக்குகிறார்கள். தண்ணீரின் வேகத்தில் மணல் கலங்கி மேலே வந்துவிடும். எங்கள் கொல்லையில் மோட்டார் ஓடியது, தண்ணீர் பீறிட்டது, மண் நகரவில்லை. மைத்துனன் குளித்திருந்தான். கலங்கலாக மேலே வந்ததெல்லாம் ஆளுயரத்துக்கு எழும்பி, கொடியில் காய்ந்த வேட்டிகளின் மேல் இறங்கியது. அவன் மாலை பஸ்ஸிலேயே ஊருக்குப் போய்விட்டான்.

தண்ணீரை அவ்வளவு அவசரப்படுத்தக் கூடாது என்றார் எதிர்வீட்டு அப்பத்தா. ராத்திரி குழி நிறைய ஊற்றி வைத்துவிட்டுக் காலையில் தோண்ட வேண்டும். ஊறிய மண் சொன்னபடி கேட்டது, அதனால் எல்லாக் குழியிலும் ஊற்றினேன். ஆனால் மறுநாள் காலையில் டெங்கு தடுப்புப் பணிக்கு வந்த அம்மா, டிரம், தொட்டி, செடித்தட்டு எல்லாம் பார்த்து முடித்துக் கொல்லைக்கு வந்தார்.

"சார், இதென்ன?"

"குழிம்மா."

"தண்ணி ஏன் நிக்குது?"

"ஊறுது."

"என்ன ஊறுது?"

"குழிதாம்மா ஊறுது."

தம் வேலையில் அவர் எத்தனையோ சாக்கு கேட்டிருப்பார். இதைப் புதிது என்று ஒப்புக்கொண்டார். முட்டையிலிருந்து கொசுவாகிப் பறக்க ஏடிஸுக்கு ஒரு வாரம் பத்து நாள் போதும் என்று பாடம் எடுத்துவிட்டு, எல்லாக் குழித் தண்ணீரையும் நான் இறைத்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.

பார்வையாளர்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் ஒருவன் வீட்டுக்குள் உட்கார்ந்து நாவல் எழுதினால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. குழி தோண்டினால் தெருவே வந்துவிடும். "போர் போடுறீங்களா?" "செப்டிக் டேங்கா?" "புதையல் கிதையல் ஏதாச்சும்?" இல்லை, வேலிக்கால் என்றதும் முகம் வாடிவிடும். வாடினாலும் போகமாட்டார்கள். இரண்டு அங்குலம் தள்ளித் தோண்டியிருக்க வேண்டும் என்று சொல்ல ஒருவர், அந்த இடத்தில் பாறை என்று அப்பவே தெரியும் என்று சொல்ல ஒருவர். கடப்பாரையை வாங்கி இரண்டு குத்து குத்திக் காட்டிவிட்டு, அதையே தோளில் போட்டுக்கொண்டு போன ஒருவரும் உண்டு. கேட்டதற்கு, போன வருஷம் நான் அவரிடம் வாங்கியதுதானாம்.

பிவிசி குழாய் யோசனை எதிர்ப்பக்கத்து ஐடிஐ தம்பியுடையது. 4 அங்குலக் குழாயின் நுனியைச் சாய்வாக அறுத்து, மேலே கட்டை வைத்து அடித்து இறக்கித் திருகி இழுத்தால், புட்டுக்குழலில் புட்டு நிற்கிறதல்லவா, அப்படி மண் உள்ளே உருளையாக நிற்கும். ஈரக் களிமண்ணில் நிற்கத்தான் செய்தது. எடுப்பது எப்படி என்பதில்தான் தம்பிக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு. பக்கவாட்டில் நெடுக ஒரு கீறல் போட்டால் கம்பியால் தள்ளி எடுத்துவிடலாம். இதை அவர் கடைசியில் கண்டுபிடித்தார். அதற்குள் களிமண் தீர்ந்து செம்புராங்கல் தொடங்கிவிட்டது. குழாயின் நுனி மடங்கிப் பூவாக விரிந்தது.

பிறகு மெஷின். வாடகைக்குக் கிடைக்கிறது. 63 சிசி பெட்ரோல் எஞ்சின், கீழே ஒரு நீளத் திருகாணி. மண்ணைத் தோண்டிக்கொண்டே தானே மேலே ஏற்றிக் கொட்டிவிடும். தண்ணீர் இறைக்க ஆர்க்கிமிடிஸின் பெயரால் சொல்லப்படுகிற திருகும் இதுவும் ஒரே குடும்பம். எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. கட்டுரையின் முதல் பத்தியில் சொன்ன பிரச்சினையை உண்மையாகவே தீர்க்கும் மெஷின் அது. ஒரே ஒரு குணம். கல்லில் மாட்டினால் திருகாணி நின்றுவிடும், எஞ்சின் நிற்காது. அப்போது எது சுற்ற வேண்டும்? கைப்பிடி சுற்றும். கைப்பிடியில் யார் இருக்கிறார்கள்? நானும் அந்த ஐடிஐ தம்பியும். நியூட்டனின் மூன்றாம் விதியை நாங்கள் இருவரும் கால் தரையில் படாமல் கற்றுக்கொண்டோம். மெஷினை அன்று மதியமே திருப்பிக் கொடுத்தோம். கடைக்காரர் எங்கள் முழங்கையைப் பார்த்துவிட்டு, "செம்புராங்கல்லா?" என்று மட்டும் கேட்டார்.

இதற்கிடையில் எங்கள் தெருவில் ஒரு கல்யாணம். பந்தல்காரர்கள் வந்தார்கள். ஒரு பையன் செல்போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிப் பேசிக்கொண்டே கடப்பாரையை ஒரே இடத்தில் நாலு குத்து குத்தினான்; பிடித்து வட்டமாக ஆட்டினான்; உருவிவிட்டு மூங்கிலைச் சொருகினான். ஒரு பிடி மண்கூட வெளியே வரவில்லை. பக்கவாட்டிலேயே அமுக்கிவிட்டான்! மண்ணை எடுக்காமலே குழி. நான் ஓடிப்போய் விசாரித்தேன். ரெண்டு நாள் நிற்கிற மூங்கிலுக்கு இது சரி, சிமென்ட் காலுக்கு ஆகாது என்றான். போனில் இருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு இதைச் சொன்னான்.

கடைசியில் தீர்வு எங்கிருந்து வந்தது என்றால், சட்னியிலிருந்து. கரண்டிகளுக்குத் தடை இருந்தது. தேங்காய் உடைத்த கொட்டாங்குச்சிக்குத் தடை இல்லை. உள்ளங்கைக்குள் அடங்குகிறது. வாய் அகலம், எனவே சொம்பின் பிடிவாதம் இல்லை. விளிம்பு கெட்டி, கழுத்து என்று ஒன்று இல்லாததால் வளைவதற்கு வழியில்லை. உடைந்தால் மறுநாள் காலையில் இன்னொன்று. குப்புறப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்து, தோள்வரை கையை விட்டால் 2 அடி வரை எட்டும். அதற்குக் கீழே? இப்படிக் கிடந்த என்னைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அப்பத்தா வந்தார். "எந்திரிப்பா, பாக்க நல்லால்ல" என்றார். கொட்டாங்குச்சியில் எதிரெதிரே இரண்டு ஓட்டை போட்டு, சீவிய மூங்கில் காம்பைக் கோத்து, அசையாமல் ஆப்பு அடித்து என் கையில் கொடுத்தார். அகப்பை! எவர்சில்வர் வருவதற்கு முன்பு ஊரெல்லாம் குழம்பு ஊற்றியதுதான். காம்பு மட்டும் மூன்றடி. மின்வாரிய ஆட்கள் கம்பத்துக்குக் குழி பறிக்கும்போது ஒரு நீளக் கரண்டி வைத்திருப்பார்களே, அதுவும் இந்த அகப்பைதான், இரும்பில்.

அப்புறம் குழிகள் மளமளவென்று முடிந்தன. கால் நட்டு மண் போட்டு மூடும்போது அரையடிக்கு ஒருமுறை நிறுத்தி, கடப்பாரையின் மொட்டைப் பக்கத்தால் சுற்றிச் சுற்றி இடிக்க வேண்டும். மொத்தமாகத் தள்ளி மூடினால், முதல் மழையில் மண் உட்கார்ந்து கால் ஆடத் தொடங்கும். தோண்டிய மண் உப்பிக்கொள்வதால் இடித்து மூடிய பிறகும் கொஞ்சம் மிஞ்சும்; காலைச் சுற்றி மேடாக அணைத்துவிட்டால் தண்ணீர் நிற்காது. மூலைக்கால்கள்தான் கம்பியின் இழுப்பு முழுவதையும் தாங்குபவை. அவற்றுக்குச் சாய்வாக ஒரு முட்டுக்கால் கட்டாயம்.

நீங்களும் வேலி போடுவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். மெஷின் விசாரிக்கும் முன்பு தேங்காயை விசாரியுங்கள். முற்றிய காயாக வாங்கி, நடுவில் சுற்றித் தட்டிக் கோணாமல் உடையுங்கள். கண் உள்ள மூடி வேண்டாம், மண் ஒழுகும். கண் இல்லாத மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். தேங்காயைச் சுரண்டிய பிறகு கேளுங்கள், முன்பு கேட்டால் கிடைக்காது.