ஏறியமர்ந்து புல்லறுத்தல்: செம்பரம்பாக்கத்து ஒரு ஏக்கர் 20 சென்ட்டை முன்வைத்து ஓர் ஆய்வு

பாயிரம்

இந்த ஆய்வுக்கு நிதி நல்கியவர் என் மனைவியின் அண்ணன். நிதி என்றால் பூந்தமல்லியிலிருந்து செம்பரம்பாக்கத்துக்கு மூன்று முறை போய்வந்த பெட்ரோல் காசு. அதிலும் ஒரு நடைக்குரியது இன்னும் பாக்கி. மச்சான் டெக்சாஸில் 22 வருஷம் இருந்துவிட்டார். அங்கே சனிக்கிழமை காலையில் அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு வண்டியில் ஏறி உட்கார்ந்து, ஒரு கையில் காபியோடு, அவரவர் புல்லை வெட்டிக்கொண்டு போவதைப் பார்த்துப் பார்த்து அவர் மனசில் ஒரு குறை விழுந்துவிட்டது. ஏரிக்கு மேற்கே அவருக்கு ஒரு ஏக்கர் 20 சென்ட் கிடக்கிறது. வேலி உண்டு, போர் உண்டு, 11 தென்னையும் 2 பனையும் உண்டு; வீடு மட்டும் இல்லை. ஒருநாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் வரிசையாக 9 வண்டிகளின் படங்கள் வந்தன. கூடவே ஒரு குரல்: "மாப்ள, இதுல நம்ம நெலத்துக்கு எது ஒத்துவரும்னு பாத்துச் சொல்லு."

நான் முனைவர் பட்ட ஆய்வைப் பாதியில் விட்டவன். தலைப்பு தானாகத் தேடி வந்து கதவைத் தட்டியது இதுதான் முதல் தடவை.

முதல் இயல்: பெயர்

வண்டிக்குத் தமிழில் பெயர் இல்லை என்பதே முதல் இடையூறு. மண்ணை வெட்டுவது மண்வெட்டி என்றால் புல்லை வெட்டுவது புல்வெட்டி என்று ஒரு சாரார் கூறுவர். அது பொருந்தாது. புல் வெட்டுகிற ஆளுக்கும் அதுவே பெயராகும். கூலி யாருக்கு, டீசல் யாருக்கு என்ற மயக்கம் வரும். 'புல்லூர்தி' செவிக்கு இனிது. ஆனால் எரிபொருள் ஊர்தி என்பதுபோலப் புல்லைத் தின்று ஓடும் வண்டி என்று பொருள்பட்டு, பெயர் மாட்டுவண்டிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நான் இரண்டு வாரம் குழம்பியதை நசரத்பேட்டையில் ஒரு மெக்கானிக் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் தீர்த்தார். "இது புல்லு டிராக்டர் சார்." இனி அதுவே கலைச்சொல்.

இரண்டாம் இயல்: புல் எது

வெட்டப்படும் பொருளை வரையறுக்காமல் வெட்டும் கருவியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. இங்கே நமக்குத் தொல்காப்பியர் துணை. மரபியலில் அவர் வகுத்தபடி, வயிரம் வெளியே இருப்பது புல். உள்ளே இருப்பது மரம். அதன்படி பனை புல். தென்னை புல். மூங்கிலும் புல். இன்றைய தாவரவியலும் தென்னையையும் அருகையும் ஒருவித்திலைத் தாவரங்கள் என்று ஒரே பந்தியில்தான் உட்காரவைக்கிறது. எனவே மச்சான் நிலத்திலுள்ள மிக உயரமான புல் சுமார் 40 அடி. அவர் அனுப்பிய 9 வண்டிகளில் எதுவும் அதற்கு ஈடுகொடுக்காது என்று முதல் இடைக்கால அறிக்கையில் தெரிவித்தேன். பதிலாக ஒரு கும்பிடு பொம்மை வந்தது.

மீதியுள்ள குட்டைப் புல்லைக் கணக்கெடுத்தேன். கோரை முதலிடம். இதை மேலே வெட்டுவது முடிவெட்டுவது மாதிரி. கிழங்கு மண்ணுக்குள் சௌக்கியமாக இருக்கும், ஒரே வாரத்தில் பழைய முகத்தோடு எழுந்துவரும். அடுத்து நாயுருவி, பார்த்தீனியம், வேட்டியைத் தேடி வந்து ஒட்டும் பெயர் தெரியாத இரண்டு செடிகள், நெருஞ்சி. வேலியோரம் சீமைக் கருவேலம். இதைப் புல் என்று தொல்காப்பியரும் சொல்லமாட்டார், வண்டியின் டயரும் சொல்லாது. கடைசியாக, கிணற்று மேட்டில் படர்ந்த அருகு.

அருகைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வண்டி வருவதற்குள் நிலத்தைத் தயார் செய்ய 'பெர்முடா கிராஸ்' வாங்கிப் பதிக்கலாம் என்று மச்சான் ஒரு நர்சரியில் சதுர அடிக் கணக்கில் விலை கேட்டு வைத்திருந்தார். பெர்முடா கிராஸ் என்பது நம் அருகம்புல்லின் ஆங்கிலப் பெயர். பிள்ளையார் கோயில் வாசலில் ஒரு கட்டு வாங்குகிறோமே, அதேதான். கோல்ஃப் மைதானங்களில் அதன் கலப்பின ரகங்கள் ராஜமரியாதையோடு வாழ்கின்றன. செம்பரம்பாக்கத்தில் களை என்று பிடுங்கிப் போடுகிறோம். தன் நிலத்தில் அதைச் செத்தியெடுக்கக் கூலி கொடுத்துவிட்டு, அதையே பாயாகச் சுருட்டி வாங்கிவந்து பதிக்கவும் கூலி கொடுப்பதைத் தடுத்த வகையில், இந்த ஆய்வு தன் செலவை இந்த இயலிலேயே ஈட்டிவிட்டது.

மூன்றாம் இயல்: மரபு

1830இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரௌடு பக்கத்தில் எட்வின் பட்டிங் என்பவர் முதல் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அந்த ஊர் கம்பளித் துணிக்குப் பேர்போனது. நெய்த துணியின் மேல் சிலிர்த்து நிற்கும் மயிரைச் சமமாகக் கத்தரிக்க, உருளையில் கத்தி பதித்த இயந்திரம் ஒன்று ஆலையில் இருந்தது. துணியில் ஓடுவதைத் தரையில் ஓட்டினால் என்ன என்பது பட்டிங்கின் யோசனை. அதாவது பிறவியில் இது தோட்டத்துக் கருவியல்ல, ஜவுளிக் கருவி. பிறகு பெரிய அளவில் செய்து குதிரையில் பூட்டினார்கள். குளம்பு புல்தரையில் தடம் பதிக்கக் கூடாதென்று குதிரைக்குத் தோல் பூட்ஸ் மாட்டினார்கள். வெள்ளைக்காரன் புல்லுக்குக் கொடுத்த மரியாதை அவ்வளவு.

நம் வட்டாரத்துக்கான முக்கியச் சான்று இனிமேல்தான். 1890களில் லங்காஷயரின் லேலண்டு என்ற ஊரில் ஜேம்ஸ் சம்னர் நீராவியில் ஓடும் புல்வெட்டும் இயந்திரம் செய்தார். அந்தப் பட்டறையிலிருந்து 1896இல் லங்காஷயர் ஸ்டீம் மோட்டார் கம்பெனி எழுந்தது. 1907இல் அது லேலண்டு மோட்டார்ஸ் ஆயிற்று. சென்னையில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் அதனோடு கைகோத்து, 1955இல் அசோக் லேலண்டு என்று பெயர் மாற்றிக்கொண்டது. ஆக, பூந்தமல்லி பஸ் நிலையத்தில் மாலை ஆறு மணிக்குப் படியில் தொங்கும் பெருமக்கள் புல்லு டிராக்டரின் கொள்ளுப்பேரன் மேல்தான் தொங்குகிறார்கள். ஏறியமர்தல் புதிதல்ல, அமர இடம் கிடைப்பதுதான் புதிது.

மச்சான் அனுப்பிய படங்களில் நான்கு, ஸ்டியரிங் இல்லாதவை. ஜீரோ டர்ன் என்பார்கள். இரண்டு கைக்கும் இரண்டு நெம்புகோல். இடது பின்சக்கரம் ஒன்றின் வசம், வலது இன்னொன்றின் வசம். ஒன்றை முன்னுக்கும் ஒன்றைப் பின்னுக்கும் தள்ளினால் வண்டி நின்ற இடத்திலேயே பம்பரமாகச் சுழலும். இதைக் கேட்டு வியக்க வேண்டியவர்கள் வேறு ஊர்க்காரர்கள். இருபக்கப் பட்டைகளின் வேகத்தை வேறாக்கித் திரும்பும் ஊர்தியை ஆவடியில் 1965இலேயே செய்து அனுப்பியாகிவிட்டது. அதன் பெயர் விஜயந்தா டாங்கி. அது புல்லோடு சேர்த்து வேறு சிலதையும் சமன்செய்யும் என்பது தவிரக் கொள்கையில் பேதமில்லை.

அயோவாக்காரர் ஆல்வின் ஸ்ட்ரெய்ட்டையும் விட்டுவிட முடியாது. 1994இல், 73 வயதில், கார் ஓட்ட உரிமம் இல்லாத நிலையில், பக்கவாதம் வந்த தன் அண்ணனைப் பார்க்க 1966ஆம் வருஷத்து ஜான் டீர் புல்லு டிராக்டரில் 240 மைல் போனார். ஏறக்குறைய ஆறு வாரம் ஆயிற்று. டேவிட் லிஞ்ச் 1999இல் அதைப் படமாக்கினார். செம்பரம்பாக்கத்தில் கிளம்பியிருந்தால் திருச்சியைத் தாண்டியிருப்பார். மச்சானுக்கும் அவர் அண்ணனுக்கும் இந்த நிலத்தின் பாகப்பிரிவினையிலிருந்து பேச்சில்லை என்பதை ஆய்வாளன் கவனத்தில் கொள்கிறான், அறிக்கையில் எழுதவில்லை.

நான்காம் இயல்: சரிவு

15 டிகிரிக்கு மேல் சரிந்த நிலத்தில் இந்த வண்டியை ஓட்டக் கூடாது. நம் பகுதியில் அவ்வளவு சரிவு ஏரிக்கரையில் மட்டுமே உண்டு. அது அரசாங்கத்தினுடையது. இயல் முற்றிற்று.

ஐந்தாம் இயல்: கணக்கு

ஒரு ஏக்கர் 20 சென்ட் என்பது 52,272 சதுர அடி, ஏறத்தாழ 22 கிரவுண்டு. 42 அங்குல வெட்டகலம் உள்ள வண்டி மணிக்கு 5 கிலோமீட்டர் போனால், திரும்புவதற்கும் ஒன்றன்மேல் ஒன்று படிவதற்கும் ஐந்தில் ஒரு பங்கு கழித்தாலும், ஒரு மணி பத்து நிமிஷத்தில் வேலை முடியும். பிரஷ் கட்டரைத் தோளில் மாட்டிய ஆளுக்கு மூன்று நாள், ஆறு டீ, இடையில் அவர் மச்சினன் கல்யாணம். இந்த ஒப்பீட்டைக் கண்டதும் மச்சான் தரப்பில் உற்சாகம் மிகுந்தது. ஆனால் ஒரு மணி பத்து நிமிஷம் என்றைக்கு என்று நான் கேட்டேன்.

ஐப்பசியில் மழை பிடிக்கும். செம்பரம்பாக்கத்துக்காரர்கள் ராசிபலனுக்கு முன்னால் ஏரி மட்டத்தைப் படிப்பவர்கள். முழு உயரம் 24 அடி, முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, இன்றைக்கு எத்தனை. 2015 டிசம்பருக்குப் பிறகு இந்த எண்கள் சின்னப் பிள்ளைக்கும் மனப்பாடம். அப்போது திறந்தது விநாடிக்கு 29,000 கன அடி. ஏரி ஏற ஏற மச்சான் நிலத்தில் கால் வைத்தால் கணுக்கால் வரை உள்ளே போகும். 250 கிலோ வண்டி எவ்வளவு போகும் என்பதை வாசகர் ஊகத்துக்கு விடுகிறேன். பொங்கல் கழிந்து மண் இறுகும்போது புல் இடுப்பளவு நிற்கும். 36 அங்குலம் என்று வையுங்கள்.

புல்தரை சாஸ்திரத்தில் ஒரு விதி உண்டு: ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதே. அதன்படி 36 முதல் வெட்டில் 24 ஆகும், பிறகு 16, பத்தரைச் சொச்சம், 7, அப்புறம் 5க்குக் கீழ். ஆறாம் வெட்டில்தான் 3 அங்குலத்துக்கு வரும். வண்டியின் கத்தியையோ 4 அங்குலத்துக்கு மேல் தூக்க முடியாது. ஆகவே முதல் ஐந்து வெட்டையும் வேறு யாராவது வெட்டித்தந்த பிறகே புல்லு டிராக்டர் தன் திருப்பணியைத் தொடங்கும். அதற்குள் பங்குனி வந்துவிடும், வெட்டப் புல் இருக்காது. 2019இல் ஏரியே காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஆடி, ஆவணியில் சாயங்கால மழைக்குத் தழைவதையும் சேர்த்து நெருக்கிப் பிடித்தால் வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு ஓட்டம் தேறும். மீதி நாளில் வண்டி ஷெட்டில் நிற்கும். எலி ஒயரைக் கடிக்கும்.

இன்னொன்று. கத்தி முனை நிமிஷத்துக்கு 19,000 அடிக்கு மேல் சுழலக் கூடாது என்று அமெரிக்காவில் வரம்பு வைத்திருக்கிறார்கள். மணிக்கு 347 கிலோமீட்டர். மச்சான் நிலத்தில் எட்டு எல்லைக்கல் உண்டு. நான் கண்டுபிடித்தது ஐந்து. மற்ற மூன்றும் கோரைக்குள் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு காத்திருக்கின்றன. வேலிக்கு வெளியிலிருந்து எறியப்பட்ட குவார்ட்டர் பாட்டில்களை எண்ணவில்லை. பிளேடு உடைந்தால் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏதாவது ஒரு லேத் பட்டறையில் மறுநாளே அடித்துத் தருவார்கள் என்பது நம் வட்டாரத்துக்கு மட்டும் உள்ள பாக்கியம். ஓட்டுபவரின் முழங்காலை அங்கே அடித்துத்தர மாட்டார்கள்.

ஆறாம் இயல்: பரபக்கம்

எதிர்க்கட்சியைச் சொல்லி மறுப்பது மரபு. எதிர்க்கட்சி ஆடு.

மூன்றாம் நடையில் வேலியின் தெற்கு மூலையில் ஒரு சந்து இருப்பதைக் கண்டேன். கம்பியை அறுக்கவில்லை, இரண்டு இழையைச் சேர்த்து ஒரு துணியால் கட்டித் தூக்கியிருந்தது. ஆள் குனிந்து வரலாம், ஆடு குனியாமல் வரலாம். உள்ளே 14 உருப்படி, பனை நிழலில் ஒரு ஆயா.

ஆட்டைப் பற்றிப் பொதுவில் ஒரு மூடநம்பிக்கை நிலவுகிறது, அது புல்வெட்டும் இயந்திரம் என்று. வெள்ளாடு புல்லை இரண்டாம்பட்சமாகத்தான் மதிக்கிறது. அதற்கு வேண்டியது தழை. நிலத்தில் விட்டால் முதலில் தென்னங்கன்று, அடுத்து காயப்போட்ட சட்டை, அதன்பின் வேலிக்கொடி, வேறு வழியில்லாதபோது புல். ஆடாதோடையையும் ஆடுதின்னாப்பாளையையும் தொடாது. பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. தரையோடு தரையாக நறுக்குவது செம்மறி. ஆயாவிடம் இருந்தவை ஒன்பது வெள்ளாடு, ஐந்து செம்மறி. தழைக்கு ஒன்பது, தரைக்கு ஐந்து. நாங்கள் ஒன்பது படத்தை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தேடிய கலவை.

பிடிபட்டதாக ஆயா நினைக்கவில்லை. "நீ யாருப்பா?" என்று என்னைத்தான் கேட்டது. சொன்னேன். படத்தைக் காட்டினேன். கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தது.

"இதும்மேல உக்காந்துனு போனா புல்லு வெட்டுமா?"

"ஆமா ஆயா."

"வெட்ன புல்ல இன்னா பண்ணும்?"

"பின்னாடி பை இருக்கு. அதுல போய் விழுந்துரும்."

"அப்பால?"

விவரப் புத்தகத்தைப் புரட்டினேன். இன்ஜின் குதிரைத்திறன், டேங்க் கொள்ளளவு, சீட்டின் சாய்மானம், கோப்பை வைக்கும் வளையம் எல்லாம் இருந்தன. புல் பைக்கு அப்பால் எங்கே போகும் என்று அதில் இல்லை.

"கொட்டிடுவாங்க" என்றேன்.

"கொட்டிடுவாங்களா!" ஆயா ஆடுகளைப் பார்த்துச் சொன்னது. கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு போனை மறுபடி வாங்கி, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளச் சொல்லிப் பார்த்தது. நாலாவதில் நிறுத்தியது. ஏழாவதுக்குப் போகச் சொன்னது. திரும்ப நாலாவது.

"அதுல ரெண்டு பை. இதுல மூணு கீது பாரு. மழ காலத்துல எனக்கு எங்கியும் மேய்க்க எடமில்ல, ஏரி ரொம்பிக்கும். மூணு பை வெச்சதயே வாங்கச் சொல்லு உங்க மச்சான. கொட்டவெல்லாம் வாணாம், அந்தச் சந்துல வெச்சுட்டா நா வந்து எடுத்துக்கிறேன்."

மழைக்காலத்தில் வண்டி சேற்றில் இறங்காது என்ற ஐந்தாம் இயலை ஆயாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்றிரவே இறுதி அறிக்கையை அனுப்பினேன்: நாலாவது படம், மூன்று பை. ஏன் என்று மச்சான் கேட்டார். கள ஆய்வு என்றேன்.