ரைட்டர் அய்யாவுக்கு ஒரு வாசகர் கடிதம்

அனுப்புநர்:
ஒரு வக்கீல் குமாஸ்தா

பெறுநர்:
ஒப்புதல் வாக்குமூல ஆசிரியர் அவர்கள்,
சகல காவல் நிலையங்கள்.

அய்யா,

முப்பத்தோரு வருடமாகக் குமாஸ்தா வேலை பார்க்கிறேன். நகல் மனுப் போட்டுக் குற்றப்பத்திரிகைக் கட்டை வாங்கி, சீனியர் வருவதற்குள் ஒருமுறை புரட்டிவிடுவது பழக்கம். முதல் தகவல் அறிக்கை, மகஜர் எல்லாவற்றையும் மளமளவென்று தள்ளிவிடுவேன். உங்கள் படைப்பு வந்ததும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்காருவேன்.

ஸ்டேஷனில் உங்களை ‘ரைட்டர்’ என்றே கூப்பிடுகிறார்கள். தமிழில் கதை எழுதி மாதம் பிறந்தால் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். அதற்கே ஒரு கும்பிடு.

உங்கள் கதாநாயகன் எப்போதும் தன்மையில் பேசுவான். “நான் மேற்படி விலாசத்தில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன், எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது” என்று அடக்கமாகத் தொடங்குவான். எழுதப் படிக்கத் தெரியாதவன் அடுத்த வரியிலிருந்து பேசுகிற தமிழ் இருக்கிறதே! “முன்விரோதத்தை மனதில் வைத்துக்கொண்டு”, “பிரஸ்தாப அரிவாளால்”, “மேற்படி நபரின் இடது காது மடலுக்குக் கீழ்”. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் பிற்பாடு அளந்து எழுதப்போகும் காயம், வெட்டும்போதே இவனுக்கு மனப்பாடம். செங்கல் சூளைக்கு வந்த ஒடிசாப் பையனும் உங்கள் கைக்கு வந்தால் இதே தமிழில்தான் பேசுகிறான். யாரையும் பேசவைத்துவிடுகிறீர்கள். இதை வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

முடிவும் மாறாது. “என்னை அழைத்துச் சென்றால் பிரஸ்தாப அரிவாளை மறைத்து வைத்திருக்கும் இடத்தை அடையாளம் காட்டி, எடுத்து ஆஜர் செய்கிறேன்.” இந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற எட்டுப் பக்கமும் என்பது எங்களைப்போன்ற பழைய வாசகர்களுக்குத் தெரியும். போலீசிடம் சொன்ன ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது என்று 1872-லேயே சாட்சியச் சட்டத்தில் வெள்ளைக்காரன் எழுதிவைத்துவிட்டான். தன் போலீசை அவனுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் 27-ஆம் பிரிவில் ஒரு சிட்டிகை இடம் விட்டான்: அந்தப் பேச்சால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அதுவரைக்கும் செல்லும். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடாது என்று குண்டூர் வழக்கு ஒன்றில் பிரிவி கவுன்சில் 1946-ல் சொன்னது. 2024 ஜூலை முதல் சட்டத்துக்கே பெயர் மாறி, அந்த இடம் 23-ஆம் பிரிவுக்குக் குடிபோய்விட்டது. அரிவாள் மட்டும் இன்னும் அதே கருவேலம் புதரில்தான் கிடைக்கிறது.

எட்டுப் பக்கத்தில் ஒரு வரிதான் செல்லும் என்றால் மீதி வீண்தானே என்று ஒரு ஜூனியர் வக்கீல் கேட்டார். சின்னப் பையன். மீதியை ‘பரபரப்பு வாக்குமூலம்’ என்று மறுநாள் பேப்பரில் ஊரே படித்துவிடுகிறது. சாட்சிக்காரனும் படிக்கிறான், சாட்சிக்காரனின் மாமியாரும் படிக்கிறாள்.

கிராம நிர்வாக அலுவலரை நீங்கள் பயன்படுத்தும் விதமும் தனி அழகு. வி.ஏ.ஓ. போலீஸ் இல்லை; ஆகவே அவரிடம் சொன்னால் செல்லும். பட்டாவுக்கும் சிட்டாவுக்கும் நாம் பத்து நடை நடந்தாலும் கண்ணில் படாத மனுஷர், கொலை செய்தவன் தேடி வரும் அன்று மட்டும் காலை பத்து மணிக்கே தலையாரி சகிதம் நாற்காலியில் இருக்கிறார். முன்னே பின்னே முகம் பார்த்திராத அவரிடம் அவன் மனசைத் திறந்து கொட்டுகிறான். பெற்ற தாயிடம் சொல்லாததை எல்லாம் சொல்கிறான்.

உங்கள் வடநாட்டுச் சகாக்களின் படைப்புகளையும் தீர்ப்புகள் வழியாகப் படித்து வருகிறேன். 2006 மும்பை ரயில் குண்டுவெடிப்பில் வெவ்வேறு துணை ஆணையர்கள் தனித்தனியாகப் பதிவு செய்த வாக்குமூலங்கள். சில பகுதிகள் அச்சில் வார்த்தாற்போல ஒன்றுபோல இருப்பதைப் பம்பாய் உயர்நீதிமன்றம் 2025 ஜூலையில் பக்கத்தில் பக்கம் வைத்துக் காட்டியது. 2015-ல் தண்டிக்கப்பட்ட 12 பேரையும் விடுவித்தது. ஐந்து பேருக்குத் தூக்கு விதித்திருந்தார்கள், அதில் ஒருவர் 2021-லேயே சிறையில் இறந்துபோனார். அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. அந்தத் தீர்ப்பை மற்ற வழக்குகளுக்கு முன்னுதாரணமாகக் காட்டக் கூடாது என்று அங்கே தடை வாங்கியாயிற்று.

அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் கடிதமே எழுதியிருந்தார்கள். கமாண்டோக்கள் சுட்டதில் தாக்குதல்காரர்களின் உடம்பு சல்லடை, கால்சட்டையில் ரத்தம். அந்தக் கால்சட்டைப் பையிலிருந்து எடுத்ததாகச் சொன்ன இரண்டு உருதுக் கடிதங்களில் ஒரு துளை இல்லை, ஒரு கறை இல்லை. 2014 மே 16-ல் உச்ச நீதிமன்றம் இதைக் கவனித்து ஆறு பேரை விடுவித்தது. கதை எழுதுகிறவன் காகிதத்தைக் கொஞ்சம் கசக்கவாவது வேண்டாமா? நீங்கள் அங்கே இருந்திருந்தால் இந்தப் பிழை வந்திருக்காது.

ஒரே ஒரு மனக்குறை. எழுதி முடித்ததும் பேனாவை மூடிவிடுகிறீர்கள். உங்களோடு சேர்ந்து எல்லாரும் மூடிவிடுகிறார்கள். மகாராஷ்டிராவில் 2003-ல் ஒரே குடும்பத்தில் ஐந்து பேர் கொலை. உயிர் பிழைத்த தாய், போலீஸ் வைத்திருந்த படங்களைப் பார்த்து நான்கு பேரை அடையாளம் காட்டினார். அந்த நால்வரை யாரும் தேடிப் போகவில்லை. நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த வேறு ஆறு பேரைப் பிடித்தார்கள். 2009-ல் உச்ச நீதிமன்றமே ஆறு பேருக்கும் தூக்கு என்றது. 2019-ல் அதே உச்ச நீதிமன்றம், இவர்கள் குற்றவாளிகள் இல்லை என்று சொல்லி ஆளுக்கு ஐந்து லட்சம் கொடுக்கச் சொன்னது. பதினாறு வருடம். அந்த நான்கு பேர் இத்தனை நாளும் எந்த டீக்கடையில் உட்கார்ந்து இந்தச் செய்தியைப் படித்தார்களோ.

நம் ஊரையும் விட்டுவைப்பானேன். 2011 சுருளி இரட்டைக் கொலை வழக்கில் தூக்கு விதிக்கப்பட்டவர் 2025 ஜூலையில் விடுதலையானார். டி.என்.ஏ. மாதிரிகளை யார் கையாண்டார்கள், எங்கே வைத்திருந்தார்கள் என்பதற்கு ஒழுங்கான கணக்கு இல்லை. உங்கள் மகஜர்களில் கருவேலம் புதர் ரோட்டிலிருந்து எத்தனை அடி என்றுகூட இருக்குமே அய்யா!

எங்கள் ஆபீஸ் கட்சிக்காரர் ஒருவரைப் பற்றிச் சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஆடு மேய்க்கிறவர். மூன்று வருடம் அலைந்து விடுதலை வாங்கினோம். அன்று சாயங்காலம் ஆபீஸ் திண்ணையில் உட்கார்ந்து, “நான் சொன்னேன்னு எழுதியிருக்காங்களே, அதை ஒருக்கா படிங்கய்யா” என்றார். வாசித்தேன். காதில் கை வைத்துக்கொண்டு கடைசி வரி வரை கேட்டார். அடியில் அவருடைய இடது பெருவிரல் ரேகை, “படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக உள்ளது.”

“பிரஸ்தாபம்னா என்னங்கய்யா?” என்றார்.

எனக்கும் சட்டென்று சொல்ல வரவில்லை.

தவறாகச் சிறையில் கிடந்தவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்கச் சட்டம் வேண்டுமென்று சட்ட ஆணையம் 2018-லேயே தன் 277-ஆம் அறிக்கையில் எழுதிக் கொடுத்துவிட்டது. சுருளி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அந்தப் பேச்சை எடுத்து, அது சட்டமன்றங்கள் செய்ய வேண்டிய வேலை என்று விட்டுவிட்டது. எங்கள் கட்சிக்காரரின் மனைவி வக்கீல் பீஸுக்கும் பஸ் செலவுக்குமாக இருபத்திரண்டு ஆடுகளை விற்றிருக்கிறார். என் நோட்டில் அதை உங்கள் பெயரில்தான் பற்று எழுதி வைத்திருக்கிறேன். வசதிப்படும்போது தீர்த்துவிடவும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்

(படித்துப் பார்த்தேன், சரியாக உள்ளது. கையெழுத்து என்னுடையதுதான்.)