வலக்கை போன வழியே இடக்கை

கேள்வி: ஒரகடத்தில் ஷிப்ட் வேலை. என்னிடம் இருப்பது 61 கீ கீபோர்டு. பாக் இசையில் சவாலான ஒன்றைக் கற்க ஆசை. எதை எடுக்கலாம்?
– வாசகர், சுங்குவார்சத்திரம்

பதில்: இளையராஜா 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பைத் தியாகராஜருக்கும் பாக்குக்கும் சேர்த்தே காணிக்கையாக்கினார். ஆகவே பாக் நமக்கு அந்நியரல்ல, ராஜா வழியில் சொந்தம்!

பாக்கின் 15 ‘இன்வென்ஷன்’களில் எட்டாவதை எடுங்கள். எஃப் மேஜர், 34 பார்தான். வலக்கை முதலில் கிளம்பும். ஒரு பார் கழித்து இடக்கை அதே வழியில், ஒரு ஸ்தாயி கீழே துரத்தும். விடியற்காலையில் உங்கள் ஊர் நெடுஞ்சாலையில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் கம்பெனி பஸ்களைப் போல. முந்தவும் கூடாது, மோதவும் கூடாது.

61 கீ தாராளம். பெடலும் வேண்டாம், பாக் காலத்து ஹார்ப்சிகார்டில் அது கிடையாது. இடக்கையைத் தனியே ஒரு வாரம் பழக்குங்கள். நம் இடக்கைக்கு இதுவரை யாரும் மெலடியே கொடுத்ததில்லை, பாவம். இரண்டையும் சேர்க்கும்போது பாதி வேகம் போதும்.

நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் ஹெட்போன். பக்கத்து வீட்டுக்காரரும் ஷிப்ட் முடித்துத் தூங்குவார்.