அழுத்தும் அதிகாரி

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மேலதிகாரிகளைப் பீடிக்கும் மனக்குறைகளில் தலையாயது, இனி அழுத்துவதற்கு ஆள் இல்லையே என்பதுதான். பிள்ளைகள் கடல் கடந்து போய்விட்டார்கள். மனைவியிடமோ அந்த வித்தை என்றுமே பலித்ததில்லை. இத்தகைய ஜீவன்களின் துயரைத் துடைக்கவென்றே அவதரித்தாற்போல், ஒரு கண்ணாடிக் குவளையும், சல்லடைத் தட்டு கோத்த கம்பியும், கம்பியின் தலையில் ஒரு குமிழுமாக, 'பிரெஞ்சு பிரஸ்' என்னும் காப்பிச் சாதனம் அயல்நாட்டுப் பிள்ளையின் பெட்டியில் ஒருநாள் வந்து இறங்குகிறது.

இந்த ஜாதியைச் சேர்ந்தவர்தான், ரெவின்யூ இலாகாவில் எனக்கு மேலதிகாரியாக இருந்தவரும். சென்ற ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போயிருந்தேன். காப்பி என்ற பேச்சு எழுந்ததும், அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே சாதனத்தின் வில்லங்கத்தைத் தீர்த்துவைத்தார்.

"பேரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர், ஓய்! 1852-ல் பிரெஞ்சுக்காரர் இருவர் உரிமை பதிந்தது வாஸ்தவம். ஆனால் 1929-ல் அதைத் திருத்திப் பதிந்தவர்கள் மிலான் நகரத்து இத்தாலியர். மூலப் பட்டா ஒரு தேசம், அபிவிருத்தி இன்னொரு தேசம், அனுபோக பாத்தியதை நம்முடையது!"

பிறகு தூள் வந்தது. பில்டருக்கு அரைப்பதுபோல் நைஸாக அரைத்தால் சல்லடையைத் தாண்டிக் கோப்பைக்குள் வந்துவிடும் என்பதனால், சிக்கரி கலவாமல், ரவையாக உடைத்துத் தரும்படி இவர் கேட்கப்போக, "உப்புமாவுக்கா, சார்?" என்றாராம் கடைக்காரர். முந்நூறு மில்லி நீருக்கு இருபது கிராம் தூளைத் தராசில் நிறுத்துப் போட்டார். கொதித்த நீரை, அதன் கோபம் தணியட்டும் என்று அரை நிமிஷம் இறக்கிவைத்து, அப்புறமே ஊற்றினார். ஊற்றிய பின், சரியாக நாலு நிமிஷம். என் இங்கிரிமெண்ட் மனுவை நாலு வருஷம் மேஜைமேல் ஊறவைத்த அதே மனிதர், "ஒரு நிமிஷம் அதிகம் ஊறினாலும் கசந்துவிடும், ஓய்!" என்று கடிகாரத்தைப் பார்த்துப் பதறிய காட்சியைக் காண, நான் என்ன புண்ணியம் செய்திருந்தேனோ!

கடைசியில், பட்டாபிஷேக முகூர்த்தம்போல் அந்தக் குமிழின்மேல் கை வைத்தார்.

"பலவந்தம் கூடாது. முரண்டு செய்தால் நிறுத்தி, சற்றே மேலே தூக்கி, மறுபடியும் இதமாக அழுத்த வேண்டும். முரட்டுத்தனமாக அழுத்தினால் சுடுநீர் நம் முகத்திலேயே தெறிக்கும்" என்று உபதேசம் வேறு. இந்த ஞானம் அவருக்கு முப்பது வருஷம் முன்னதாகச் சித்தித்திருந்தால், எத்தனை குமாஸ்தாக்கள் ரத்தக் கொதிப்பின்றி வாழ்ந்திருப்பார்கள்!

அழுத்தி முடித்ததும், குவளையிலேயே விட்டால் மேலும் ஊறும் என்று உடனே ஊற்றித் தந்தார். காகிதத்தில் வடிக்காததால் கொட்டையின் எண்ணெய்ப் பசை கெடாமல் நிறைந்திருந்த அந்தக் காப்பி, பால் கலவாமலே, உள்ளபடி பேஷாக இருந்தது.

"கடைசி மடக்கைக் குடிக்காதீர், அடியில் மண்டி இருக்கும்" என்றார் கரிசனத்தோடு.

"உங்கள்கீழ் இருபத்தெட்டு வருஷம் குடித்தது அதைத்தானே, சார்" என்று சொல்ல வாயெடுத்தேன். இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டிருந்தபடியால் அடக்கிக்கொண்டேன்.