கலயத்துக்குச் சுண்ணாம்பு உண்டு, வாய்க்கு என்ன உண்டு?

தின்னு மக்கா, நல்லாத் தின்னு. ஏத்தங்கா சிப்ஸைப் பொட்டலமா மடியில வச்சுக்கிட்டு விடியக்காலம் தொடங்கி ராத்திரி படுக்குக வரைக்கும் கொறிச்சுக்கிட்டே இரி. எடையில தாகிச்சா ஒரு கலர் வாங்கிக் குடி. பல்லு டாக்டர்மாருக்கும் பிள்ளை குட்டி உண்டு. அந்தச் சாஞ்ச கசேரியை அவன் பேங்குல கடன் வாங்கித்தான் போட்டிருக்கான். நாம ஒத்தாசை செய்யல்லேண்ணா வேற ஆரு செய்வா?

பல்லு போன கெழவனுக்கு இதுல என்ன பேச்சுண்ணு சிரிக்காத. பல்லு உள்ளவன் கடிப்பான், இல்லாதவன்தான் உக்காந்து யோசிப்பான். போராததுக்கு எம் பேத்தி பல்லு டாக்டருக்குப் படிக்குகா. லீவுக்கு இராஜாக்கமங்கலம் வந்து பஸ்ஸை விட்டு எறங்கினா, சொகமா இருக்கியளாண்ணு கேக்க மாட்டா. "பாட்டா, வாயைத் தொறங்க"ண்ணுதான் கேப்பா. அவ சொல்லித் தந்ததைத்தான் நான் சாயாக்கடையில எஞ்சொந்தச் சரக்கு மாதிரி வித்துக்கிட்டு இருக்கேன். அவகிட்ட போய் சொல்லிராத.

ஆனா ஒண்ணு, அவ புஸ்தகத்துல உள்ள பாதி சங்கதி நம்ம பனையேறிக்கு எப்பவோ தெரியும். அக்கானி எறக்குகவன் கலயத்துக்கு உள்ள சுண்ணாம்பு தடவுகது எதுக்குடே? தடவாட்டா, பாளையில இருந்து சொட்டுக இனிப்பு உச்சிக்குள்ள புளிச்சுக் கள்ளாயிரும். கண்ணுல படாத கிருமி இனிப்பைத் தின்னும், தின்னுட்டுப் புளிப்பையும் போதையையும் கக்கும். போதை கெடக்கட்டும், 1987-லயே கள்ளுக்குத் தடை போட்டாச்சு, அதைப் பேசி எனக்கு எதுக்கு வம்பு. புளிப்பைப் பாரு. ஒன் வாயும் அப்பிடியொரு கலயம்தான். உள்ள குடியிருக்குக கிருமிக்குப் பேரு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். கிளார்க்குண்ணு ஒரு வெள்ளைக்காரன் 1924-ல கண்டுபிடிச்சானாம். அந்தப் பேரைச் சொல்லி முடிக்குகதுக்குள்ள ஒரு பல்லு போயிரும். நீ போடுக இனிப்பை அது புளிப்பாக்கும், அந்தப் புளிப்பு பல்லுக்க மேல்தோட்டைக் கரைக்கும்.

கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவ ஆளு உண்டு. வாய்க்கு? எச்சிதான் மக்கா. எச்சி ஊறிப் புளிப்பை அடக்கும், கரைஞ்ச உப்புச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பக் கொண்டு வந்து ஒட்டவும் செய்யும். அதுக்கு அரை மணிக்கூறு, சில வாய்க்கு ஒரு மணிக்கூறு வேணும். நீ அந்த அரை மணிக்கூறு குடுக்குகியா? ஒம்பது மணிக்கு ஒரு சாயா, ஒம்பதரைக்கு ஒரு பழம்பஜ்ஜி, பத்து மணிக்கு எவனோ வந்தாண்ணு இன்னொரு சாயா. பாவப்பட்ட எச்சி ஒருக்கத் தொடச்சு முடிக்கல்ல, அடுத்த லோடு வந்து எறங்கியாச்சு.

"நான் சீனி தொடுகதே இல்ல பாட்டா, கருப்பட்டிக் காப்பிதான்"ண்ணு ஒருத்தன் நெஞ்சை நிமித்துவான். கொள்ளாம்! கருப்பட்டி நல்ல சாதனம்தான், சீனி ஆலைக்காரனுக்குப் போகுக காசு பனையேறிக்குப் போகட்டும். ஆனா பல்லுல இருக்குக கிருமி ஆதார் கார்டு கேக்காதுடே. கரும்புல இருந்து வந்தியா, பனையில இருந்து வந்தியா, தேன்கூட்டுல இருந்து வந்தியாண்ணு அதுக்கு ஒரு விசாரணையும் கிடையாது. எல்லாம் இனிப்பு, எல்லாம் புளிப்பாகும்.

சுவீடன்ல ஒரு கதை நடந்திருக்கு. கேட்டா வயிறு எரியும். விப்பெஹோல்முண்ணு ஒரு ஆஸ்பத்திரி, புத்தி வளர்ச்சி கொறைஞ்சவங்களை வச்சிருந்த எடம். 1940-களுக்க கடைசியில தொடங்கிக் கொஞ்ச வருசம், அந்தப் பாவங்ககிட்ட சம்மதம்ணு ஒண்ணு கேக்காம, இனிப்பு குடுத்துப் பல்லைச் சோதிச்சிருக்கான். சிலபேருக்குச் சாப்பாட்டோட இனிப்பு, சிலபேருக்கு ரெண்டு சாப்பாட்டுக்கு எடையில ஒட்டுக டாஃபி. ஒரு கூட்டத்துக்கு நாளொண்ணுக்கு 24 டாஃபி வரைக்கும். சாப்பாட்டோட தின்னவங்களுக்குப் பல்லுல பெரிய கேடு இல்ல. எடையெடையில டாஃபி தின்னவங்களுக்குச் சொத்தை சொத்தையா விழுந்திருக்கு. செய்தது மகா பாவம், தெரிஞ்சது நெசம். அதுக்குப் பொறவு அந்த ஊர்ல பிள்ளைகளுக்கு மிட்டாய் சனிக்கிழமை மட்டும்ணு ஒரு வழக்கமே வந்திருக்கு.

நமக்கு மட்டும் இந்தச் சனிக்கிழமை இல்லாமலா இருந்துது? கோயில் கொடை வந்தாத்தான் சீனி மிட்டாயும் கருப்பட்டி மிட்டாயும். கல்யாணம் வந்தாத்தான் அடப்பிரதமன். அதையும் எப்பிடித் திம்போம்? சோறும் பருப்பும் சாம்பாரும் உள்ள போன பொறவு எலையில பிரதமனை விட்டு, பப்படத்தையும் மட்டிப்பழத்தையும் நொறுக்கிச் சேத்து வழிச்சு நக்குவோம். வாயில எச்சி ஆறாட்டம் ஓடுக நேரம். அதுக்கு மேல மோரும் சோறும். பல்லு பொழைச்சுக்கிடும். இப்ப உள்ளவன் பிரதமனை வேண்டாம்பான், சுகர் வந்திருமாம். ஆனா பைக்குல போகும்போதும் வாயில ஒரு மிட்டாயை அடக்கிக்கிட்டுதான் போவான்.

இனி சிப்ஸ். நாகர்கோவில்காரன்கிட்ட ஏத்தங்கா சிப்ஸைக் கொறை சொன்னா ஊரை விட்டு வெரட்டுவான், அதனால மெள்ளச் சொல்லுகேன். சிப்ஸ் இனிப்பு இல்லல்லா, அது எப்பிடிப் பல்லைக் கெடுக்கும்ணு கேக்குகது நியாயம். மாவுச்சத்து இருக்கே. எச்சிபட்டா அதுல கொஞ்சம் இனிப்பாயிரும். போராததுக்குக் கடைவாய்ப் பல்லுக் குழியில போய் அப்பிக்கிடும். சாக்லேட்டாவது கரைஞ்சு போகும். இது நாக்கை வச்சுத் தோண்டினாலும் வராது. மரச்சீனிக் கெழங்கை அவிச்சு மீன்கறியோட திங்குகது வேற, மரச்சீனி சிப்ஸைச் சினிமா பாத்துக்கிட்டு மூணு மணிக்கூறு அரைக்குகது வேற. சர்க்கரை உப்பேரி உண்டே, அது ரெண்டு பாவத்தையும் ஒண்ணாச் செய்யும். பேஷ்!

கிருமிக்க ஒத்தாசை இல்லாம நேரடியாப் பல்லைக் கரைக்குக கூட்டம் ஒண்ணு உண்டு. அதுகளுக்குச் சீனிகூட வேண்டாம், புளிப்பே போரும். பேத்தி பி.எச். கணக்கு சொன்னா. 7 நடுவு, எண் கொறையக் கொறையப் புளிப்பு கூடும், ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு. ஏறக்கொறைய 5.5-க்குக் கீழ போனா பல்லுக்க தோடு கரையத் தொடங்கும். கோலா எங்கே நிக்குகு தெரியுமா? 2.5 கிட்ட. மூணு படி கீழ, ஆயிரம் மடங்கு. நாரங்கா நீரும் அந்த வட்டாரம்தான். "சீனி இல்லாத கோலா"ண்ணு எழுதி வச்சிருப்பான், அதிலயும் புளிப்பு கெடக்கத்தான் செய்யும். சீனி போட்ட கோலாவுல 300 மில்லிக்கு 30 கிராமுக்கு மேல சீனி. ஒரு ஆளுக்கு நாள் முழுக்கச் சேத்தே 25 கிராமுக்குள்ள நின்னா நல்லதுண்ணு உலக சுகாதார நிறுவனம் 2015-ல சொல்லியாச்சு. ஒரு குப்பியில நாளைக்க கணக்குலயும் கொஞ்சம் சேத்துக் குடிச்சாச்சு.

அதுக்காவ மீன் புளிமுளத்தைக் கண்டு பயராத. தேங்கா அரைச்ச கறி, சோத்தோட பெசைஞ்சு பத்து நிமிசத்துல உள்ள போயிரும். நாரங்கா வெள்ளத்தை அரை மணிக்கூறு வாயில ஊற வச்சு உறிஞ்சுகவனும், உப்பும் மொளகுப்பொடியும் தொட்டுப் பச்சை மாங்காயை மத்தியானம் முழுக்கக் கடிக்குகவனும்தான் பயப்படணும். பல்லு கூசுகது, பல்லு ஒன்கிட்ட போடுக மனு. இளநீர் இந்த வழக்குல பெரிய குத்தவாளி இல்ல. ஈத்தாமொழித் தென்னந்தோப்புக்காரன் என்னை அடிக்க வராண்டாம்.

புளிச்சது தின்ன கையோட பிரஷ்ஷை எடுத்துத் தேய்க்குகவன் மகா புத்திசாலி. தோடு எளகிக் கெடக்குக நேரம் பாத்துச் சொரண்டுகான். பச்சை வெள்ளத்துல நல்லாக் கொப்பளி, ஒரு மணிக்கூறு கழிச்சுத் தேய், அது போரும்.

தேய்க்குகதுண்ணதும் ஞாபகம் வருகு. நாங்க உமிக்கரியால தேய்ச்சோம், செங்கப்பொடியால தேய்ச்சோம். பல்லு வெளுக்கும், உள்ளதுதான், கூடவே தோடும் தேயும். "காட்டுமிராண்டிங்களா"ண்ணு டவுண்காரன் சிரிச்சான். இப்ப அவனே கரியைக் கொழைச்சு டியூப்புல அடைச்சு, சார்க்கோல் பேஸ்ட்டுண்ணு பேரு போட்டு நமக்கே விக்குகான். எங்க வீட்டு அடுப்புக்கரிக்கு இவ்வளவு வெலை உண்டுண்ணு தெரிஞ்சிருந்தா நான் வயலுக்கே எறங்கியிருக்க மாட்டேன். ஆலும் வேலும்ணு பழமொழி சொல்லுகவன் முற்றத்துல ஒரு வேலங்கன்னு நிக்குகாண்ணு பாரு, சிமெண்டு தரைதான் கெடக்கும்.

கடிக்குக வீரனுங்களுக்கும் ஒரு வார்த்தை. சோடா மூடியைப் பல்லால தொறக்குகவன், துறையில நண்டு வாங்கி வந்து அந்தப் பெரிய காலைக் கடைவாயில வச்சு ஒடைக்குகவன். அம்மி எதுக்குலே வீட்டுல கெடக்கு?

இதுவரைக்கும் சிரிச்சுச் சொன்னேன், இதைச் சிரிச்சுச் சொல்ல முடியாது. எஞ்சோட்டுக் கெழவங்க வெத்தலைச் செல்லத்தோட உக்காந்து, "பொயிலைதான் கெடுதல், பாக்கு பல்லுக்கு உறுதி"ண்ணு சொல்லுவானுவ. பொயிலை சேராத வெத்தலைப் பாக்கும், ஏன், வெறும் பாக்கேகூடப் புற்றுநோய் உண்டாக்கும்ணு உலக சுகாதார நிறுவனத்துக்க புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004-ல தீர்ப்பு எழுதியாச்சு. வாய்க்குள்ள தசை இறுகி, சோத்து உருண்டை நொழைய வழியில்லாம ஆனவங்களை நான் பாத்திருக்கேன். பல்லு போனா பல்செட்டு உண்டு, வாயே தொறக்காம போனா என்ன செய்வ? பிள்ளைகளுக்குப் பாக்குப் பொட்டலம் வாங்கிக் குடுக்குகவனை எங்கண்ணு முன்னால காட்டாத.

அம்மைமாருகிட்ட ஒண்ணே ஒண்ணு. சீனி கலந்த பால்குப்பியைப் பிள்ளைக்க வாயில வச்சுத் தூங்க விடாத தாயீ. தூங்குக நேரம் எச்சி வத்திப் போகும், அந்த இனிப்பு விடிய விடிய முன்பல்லுல நிக்கும். மொளைச்ச பல்லு மொளைச்ச எடத்துலயே கறுத்துப் போகும். பால்பல்லுதானே, விழுந்து வேற மொளைக்கும்ணு நெனையாத. அது கெட்டா அடியில வருக பல்லுக்கும் கேடு.

சாயாவை விடச் சொல்லல்ல மக்கா, நானே விடல்ல. ஒரு நாளைக்கு ரெண்டோ மூணோ, சாப்பாட்டை ஒட்டிக் குடி, எடையில வெறும் வெள்ளம் குடி. பல்லுல கறுப்புப் புள்ளி கண்டா, கூச்சம் நிக்காம இருந்தா, கிராம்பை அமுக்கிக்கிட்டு வீட்டுல கெடக்காத. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி நமக்குப் பக்கம்தான், போய் வாயைத் தொறந்து காட்டு. ஒடைஞ்ச எலும்பு கூடும், அறுந்த தோலு வளரும். பல்லுக்க தோட்டுக்கு மட்டும் உசிரு கிடையாது, கரைஞ்சு குழி விழுந்தா அது தானா வளராது.